அடைக்கலமும் கிரயமும்

கிரிக்கெட் ஆட்டத்தைக் கோடிக்கணக்கில் பணம் புரளும் வாணிகமாக ஆக்கிக் காட்டிய லலித் மோதி, 2010ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டு லண்டன் சென்று, அமலாக்கத் துறையின் விசாரணைக்குத் திரும்பி வராமலே பதினைந்து ஆண்டுகளைக் கழித்த பின், 2025 மார்ச் மாதத்தில் தம் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க விண்ணப்பித்தார் என்றும், பசிபிக் மகாசமுத்திரத்திலுள்ள வனுவாட்டு என்னும் சிறு தேசத்தின் பிரஜையாகிவிட்டார் என்றும் செய்தி வந்தது. செய்தியின் சூடு ஆறுவதற்குள், அத்தேசத்துப் பிரதமர் ஜோதம் நபாட் அந்தக் குடியுரிமையை ரத்து செய்யும்படி உத்தரவிட்டார். நாடு கடத்தப்படுவதினின்று தப்புவது குடியுரிமை கோருவதற்குத் தக்க காரணமாகாது என்பது அவர் சொன்ன நியாயம். மோதி தம்மீதுள்ள குற்றச்சாட்டுகளை மறுத்து வருகிறார். அவற்றின் மெய்பொய்யை நியாயஸ்தலங்கள் தீர்மானிக்கட்டும். நம் மனத்தை வருத்துவது வேறு கேள்வி. தான் பிறந்திராத, வாழ்ந்திராத, வாழ எண்ணியும் இராத ஒரு மண்ணுக்கு விலை கொடுத்து அதன் பிரஜையாவது தர்மமா?

தர்மமன்று என்பதே நம் முடிவு.

வனுவாட்டு எண்பதுக்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டம். சுமார் மூன்று லட்சம் மக்கள். அவர்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிகள். 1980 ஜூலை 30ஆம் தேதி விடுதலை பெறும்வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதைக் கூட்டாக ஆண்டார்கள். அந்த விசித்திர ஆட்சியில் வெள்ளையருக்குத் தத்தம் நாட்டுக் குடியுரிமை இருந்தது. தீவின் சொந்த மக்களோ இரண்டு நாட்டுக்கும் பிரஜைகள் அல்லர், எந்த நாட்டுக்குமே பிரஜைகள் அல்லர். தம் பாட்டன் பூட்டன் புதைந்த மண்ணில் நாடற்றவர்களாக நின்றவர்கள் அரும்பாடுபட்டுப் பெற்ற அந்தப் பிரஜாவுரிமை, இன்று தனியொருவருக்குச் சுமார் 1,30,000 டாலர் என்று விலையிடப்பட்டிருக்கிறது. வாங்குகிறவர் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. முறைப்படி குடியேறி உழைத்து வாழ்கிறவன் பத்தாண்டு காத்திருந்து பெறுவதைப் பணமுடையவன் சில மாதங்களில் பெறுகிறான்.

ஊர் விட்டு ஊர் செல்வதே பிழை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். புகார்ப் பட்டினத்தில் பல தேசத்தவர் தத்தம் மொழிகளுடன் வந்து கலந்து இனிதே வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பெருமையாகவே பேசுகிறது. எல்லா ஊரும் தன் ஊரே என்ற கணியன் பூங்குன்றனாரின் வாக்கைக் கடவுச்சீட்டுத் தரகர்கூடத் தம் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே புலவர் அப்பாட்டின் முடிவில் பெரியோரை வியவோம், சிறியோரை இகழ்தல் அதனினும் இலம் என்ற கருத்தை வைத்திருப்பதை அவர்கள் படிக்க மாட்டார்கள். ஒரு தேசம் சிறியது, ஏழ்மையானது, ஆகவே மலிவாய்க் கிடைக்கும் என்று அதைத் தேடிப்போவதைவிட இகழ்ச்சி வேறென்ன? வள்ளுவரோ, கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடாகும் என்ற பொருள்பட, அந்த உரிமையைக் கல்வி அதிகாரத்தில் வைத்தார். பொருள் செயல்வகையில் வைக்கவில்லை.

தீவு வாழ்க்கையைப் பற்றி மணிமேகலை சொல்லும் இரண்டு கதைகள் இங்கே நினைக்கத் தக்கவை. கப்பல் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறிய சாதுவனைத் தின்னவந்த நாகர்கள், அவன் தங்கள் பாஷையிலேயே பேசக் கேட்டுக் கைந்நெகிழ்ந்து தம் குருமகனிடம் அழைத்துச் சென்றார்கள். அவனைக் காத்தது கையிலிருந்த பொன்னன்று, அவன் கற்றிருந்த மொழி. மற்றவன் ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையிலிருந்தும், மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டபோது, உண்பிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு கிடப்பது வாழ்வாகாது என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். வரியும் விசாரணையும் எட்டாத தீவில் அமுதசுரபியோடு தனித்திருப்பதே பேரின்பம் என்று கனவு காண்கிற இக்காலத்துத் தனவந்தருக்குச் சாத்தனார் அன்றே விடை சொல்லிவிட்டார்.

அத்தகைய கனவை உண்மையாக்கவே முயன்றவர்களும் உண்டு. மைக்கேல் ஆலிவர் என்னும் அமெரிக்கர், வீடு மனை வியாபாரத்தில் பொருளீட்டியவர், 1972இல் மினர்வா பவளப் பாறைகளின் மேல் மணலைக் கொட்டி, வரியில்லாத குடியரசு ஒன்றைப் பிரகடனம் செய்தார். டோங்கா மன்னர் சில மாதங்களுக்குள் அந்த மணலைத் தம் ராஜ்யத்துடன் சேர்த்துக்கொண்டார். அதன்பின் 1980இல், பிறக்கப்போகும் வனுவாட்டுவிலிருந்து சாந்தோ தீவைப் பிரித்துவிட ஜிம்மி ஸ்டீவன்ஸ் என்பவர் நடத்திய கலகத்துக்குப் பின்னணியில் ஆலிவருடைய கூட்டத்தின் உதவி இருந்தது. பாப்புவா நியூ கினியிலிருந்து சிப்பாய்கள் வந்து அதை அடக்கினார்கள். வருகிறவரிடம் முதலில் வாக்குறுதி வாங்கிக்கொள்ளும் தீவு தேசமும் உண்டு. பலாவு என்னும் அத்தேசத்துக்குச் செல்பவர் எவரும், அத்தீவின் குழந்தைகளை விளித்து எழுதப்பட்ட ஒரு வாக்குறுதி தம் கடவுச்சீட்டில் முத்திரையாக விழ, அதன்கீழ்க் கையொப்பமிட்டே நுழைகிறார்; 2017 முதல் இது வழக்கம். அந்நாட்டு நிலத்தையோ அந்நியர் எவரும் சொந்தமாக வாங்க முடியாது.

விற்பவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புயலும் கடலும் மாறி மாறி அரிக்கும் தீவுக்கு வேறு வருமானம் அரிது. நவுரு தேசம் தன் மக்களை மேட்டு நிலத்துக்கு மாற்றும் செலவுக்கென்றே 2025இல் குடியுரிமை விற்பனையைத் தொடங்கியது. வறியவன் தன் வீட்டு வாசற்கதவை விற்றால் நாம் வறுமையை நோவோம். அக்கதவை மலிவாகத் தூக்கிப் போனவனை மன்னிப்பதற்கு அது காரணமாகாது.

அந்நிய மண்ணில் அடைக்கலம் புகுவது எவ்வாறு என்பதற்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. முன்னாள் மைசூர் ராஜ்யத்தில், இன்றைய மண்டியா மாவட்டத்திலுள்ள மேல்கோட்டை போதும். ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழ மன்னனின் கோபத்துக்குத் தப்பி, காவியைக் களைந்து வெள்ளை உடுத்து, காடும் மலையும் கடந்து கன்னட தேசம் புகுந்தார் ராமானுஜர் என்று குருபரம்பரை கூறும். அவரும் அரசனுக்குத் தப்பியோடியவர்தாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தமக்காகப் பிறர் பட்டதை மறந்தவர் அல்லர்; அவர் வேடத்தில் சபைக்குச் சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார், முதியவரான பெரிய நம்பி உயிரையே இழந்தார். புகலளித்த மண்ணுக்கு அவர் செய்தது என்ன? பன்னிரண்டு ஆண்டுகள் அங்கிருந்து, திருநாராயணனுக்குக் கோயில் எடுப்பித்து, நித்திய பூஜைக்கு ஒழுங்கு வகுத்தார். தொண்டனூரில் பெரிய ஏரி அமைந்ததையும் அவர் பெயரோடு சேர்த்தே மரபு சொல்கிறது. செல்வப்பிள்ளையின் விக்கிரகத்தை மீட்டு வருகையில் துணைநின்ற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வர உரிமை வழங்கினார். மூன்று நாள் எம்மட்டு என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முந்நூற்றறுபத்தைந்து நாளும் கதவடைத்திருந்த காலம் அது.

அவருடன் சென்று அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் இருக்கிறார்கள். சாற்றுமுறை வேளையில் சந்நிதியில் நின்று பாருங்கள்: இரு வரிசையாய் அமர்ந்து தமிழ்ப் பிரபந்தத்தைச் சேவிக்கும் கோஷ்டியார், முடிந்ததும் சேவார்த்திகளிடம் கன்னடத்தில் பேசுகிறார்கள், வீட்டுக்குத் திரும்பி, கன்னடம் கலந்த தம் தமிழில் காபி கேட்கிறார்கள். 1905இல் அவ்வூரில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பு.தி. நரசிம்மாச்சாரியர் கன்னடத்தின் மகாகவிகளுள் ஒருவரானார். புகுந்த மொழிக்குப் புகுந்தவர்கள் கடன் தீர்த்தது இப்படி.

ராமானுஜர் திருவரங்கம் திரும்ப எழுந்தபோது, பிரிவைத் தாங்க மாட்டாத அவ்வூரார் அவர் உருவத்தைச் சிலையாக வடித்து நிறுத்திக்கொண்டார்கள். தமர் உகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். இன்றும் கோயிலில் இருக்கிறது.

பிரதமர் நபாட் ஒருவருடைய கடவுச்சீட்டை ரத்து செய்யச் சொன்னாரே தவிர, விற்பனை நிற்கவில்லை. அதற்காகக் கப்பலுக்கு அஞ்சிய நம் முன்னோரைப் போல் பிள்ளைகளை வீட்டோடு கட்டிவைக்க நாம் சொல்லவில்லை. வனுவாட்டுவுக்கே போகட்டும், பிஸ்லாமா மொழியைக் கற்று, அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், பத்தாண்டு இருந்து பிரஜையாகட்டும். பெட்டியில் பணத்தோடு தரகரின் ஆபீசுக்குப் புறப்படுகிற பிள்ளையை மட்டும் பெற்றோர் வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும்.