பிள்ளைகளுக்கு எந்த வாசல்களைக் காட்டுகிறோம்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம்மவர்கள் சிறு பிள்ளைகளுடன் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் பயணமாகிறோம். "விவரம் தெரியாத வயது, பார்த்ததெல்லாம் மறந்துவிடும், பிறகு அழைத்துச் செல்லலாம்" என்போரும் உண்டு. பிள்ளை மறந்துவிடலாம். அதைக் காண ஏங்கும் வாப்பும்மாவின் ஹக்கு அதனால் நீங்கிவிடுமா?

உறவைச் சேர்ந்து வாழ உதவும் அளவுக்கு வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாகத் திர்மிதீயில் வந்துள்ளது. அந்த அறிவைப் பிள்ளை ஏட்டில் படிப்பதில்லை; நாம் கைபிடித்து ஏற்றிவிடும் வாசல்களில்தான் படிக்கிறது.

காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வது வழக்கம். எனவே உம்மாவின் உறவு பிள்ளைக்குத் தானாகவே கிட்டும். வாப்பாவின் உறவோ தேடிப் போனால்தான் உண்டு. அங்கேதான் பெரியவர்களின் மனக்கசப்பு குறுக்கே நிற்கிறது. சொத்துத் தகராறில் பேச்சற்றுப்போன சாச்சாவின் வீட்டைக் கடக்கையில் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு விரைவோரைக் காண்கிறோம். "இது யார் வீடு, வாப்பா?" என்றால் பதிலில்லை. நம் பகையைப் பிள்ளைக்கு வாரிசுச் சொத்தாக்கும் உரிமை நமக்கு ஏது?

நம் வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கு மட்டும் போவது வெறும் கொடுக்கல் வாங்கலே. முறித்துக்கொண்டவரோடும் சேர்ந்துகொள்பவரே உறவைப் பேணுபவர் என்பது புகாரீயில் வரும் நபிமொழியின் கருத்தன்றோ? நமக்கு நா எழாவிடில், பிள்ளையை முன்னே நிறுத்தி ஸலாம் சொல்லச் செய்வோம். ஸலாத்துக்குப் பதில் கூறுவது கடமை. அந்தப் பதிலில் பல்லாண்டு அடைபட்ட கதவு திறக்கலாம்.

வல்ல ரஹ்மான் நமக்கு அதற்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.