மனநோயாளியும் மருத்துவமனை வாசலும்



மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய புத்தியில் ஏதோ கோளாறு இருந்ததாக ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. அந்தப் பெண்மணி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை 'இன்னாருடைய தாயே' என்று கண்ணியமாக விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அதை அவரே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். பிறகு வழியோரத்தில் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள்.

சொல்லி முடிக்கும் வரை! நம் சமுதாயத்தில் இன்று டாக்டர்களும் நர்ஸுகளும் பெருகியிருக்கிறார்கள், அல்ஹம்து லில்லாஹ். அவர்களிடம் மனம்விட்டுக் கேட்கிறோம்: மனநோயாளி ஒருவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டது எப்போது?

சர்க்கரை நோயாளி நெஞ்சு வலிக்கிறது என்றால் உடனே ஈ.ஸி.ஜி. எடுக்கிறார்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதையே சொன்னால், பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, எல்லாம் மனசுதான் என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. கேள்விகளையும் அவரிடம் கேட்பதில்லை. கூட வந்தவரிடமே கேட்கிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் இருதய நோய், சர்க்கரை, தொற்றுநோய் போன்ற, தடுக்கக்கூடிய வியாதிகளே. மனநோய்க்கான சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. ஆகவே இவர்களை அதிகமாகப் பரிசோதிக்க வேண்டுமேயன்றி, குறைவாக அல்ல.

இது நமக்குப் புதிய பாடமுமன்று. 934-ல் மறைந்த பல்க் நகரத்து அபூ ஸைத், உடல் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரே நூல் எழுதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டத் தொடங்கிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று இடமிருந்தது. அலெப்போவில் 1354-ல் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றுகள் இருந்தன. (அக்கால மருத்துவமனைகளிலும் சங்கிலி இருந்ததுண்டு, அதை மறைப்பானேன்?)

சங்கிலி என்றதும் ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு அவருக்கும் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் முகச்சுளிப்பின் மீது வழக்குப் போட முடியுமா?

பிறரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் மஹல்லாவில் ஒரு வாலிபர். சில வருடங்களாக மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர். பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்றால் நாமே சற்று விலகித்தான் நின்றிருக்கிறோம். ஒருநாள் இரவு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதறவே, அவருடைய அத்தா ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். துணைக்கு நாமும் போயிருந்தோம். சீட்டைப் பார்த்தவர்கள் ஓர் ஊசியைப் போட்டு, "தூங்கினால் சரியாகிவிடும்" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நாமும் அதை நம்பினோம். தரை துடைக்க வந்த ஆயாம்மாதான் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, எங்கேப்பா வலிக்குது?" என்று அவரையே கேட்டார்.

அவர் நெடுநேரம் எதை எதையோ பேசினார். அந்த அம்மாள் குறுக்கிடவேயில்லை. கடைசியில் வலது பக்கம் அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினார். அந்த அம்மாளே உள்ளே ஓடி டாக்டரைக் கூட்டி வந்தார். விடிவதற்குள் குடல்வால் ஆபரேஷன் முடிந்தது.

இப்போது அந்தத் தம்பி ஜும்ஆவுக்கு வருகிறார். போன வாரம் அவர் பக்கத்தில் நின்று தொழுதோம்.