ஆனந்தரின் ஆடைக் கணக்கு



சென்ற பௌர்ணமியன்று தேவிகுளம் மலையில் ஒரு லயத்து வீட்டில் உபோசதம் கூடினோம். போடிமெட்டு வழியாக ஏறிச் சென்ற நமக்கு அவ்வீட்டு அம்மாள் ஒரு பெஞ்சைக் காட்டி அமரச் சொன்னார். பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துச் செய்த பெஞ்சு அது. ஒட்டுப்பலகையின் ஓரங்களில் தகரப்பட்டை இருந்த ஆணித்துளைகள் இன்னும் தெரிந்தன. கால்கள் யூக்கலிக் கட்டை. மேலே, கிழிந்த சேலைகளை முறுக்கிப் பின்னிய விரிப்பு. மணமான புதிதில் அவர் கணவர் செய்து கொடுத்ததாம். அவர் இன்று இல்லை.

நாம் பெஞ்சில் அமர்ந்தோம். அம்மாள் தரையில் அமர்ந்தார். "நீங்களும் மேலே வாருங்கள் அம்மா" என்றோம். "இருக்கட்டும் ஐயா. குப்பைச் சாமானில் செய்தது. உங்களை அதில் உட்கார வைத்ததே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது" என்றார்.

அக்கூச்சமே நமது அன்றைய உரைக்குப் பொருளாயிற்று. நேரமின்மையால் அன்று விடுபட்டவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம்.

பகவன் பரிநிர்வாணம் எய்திய பின்னர், ஆனந்த தேரர் கோசாம்பிக்குச் சென்றார். உதேன மன்னனின் தேவியர் அவரிடம் தம்மம் கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளை அளித்தனர். மன்னனுக்குச் சினம். ஒரு துறவிக்கு இத்தனை ஆடை ஏன், துணிக்கடை வைக்கப் போகின்றாரோ என்று நேரிலே சென்று கேட்டான். தேரர் பொறுமையாகக் கணக்குக் கொடுத்தார். புத்தாடைகள் கிழிந்த ஆடையுடைய பிக்குகளுக்கு. அவர்களுடைய பழைய ஆடைகள் படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும். தரைவிரிப்பு தேய்ந்தால் கால் துடைக்கும் துணி. அதுவும் தேய்ந்தால் தூசி தட்டும் துணி. அதன் பின்னர்? கந்தலைக் கிழித்துச் சேற்றுடன் பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான். விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் இவ்வரலாறு உளது.

தேரர் எந்த நிலையிலும் 'குப்பை' என்ற சொல்லை நுழைய விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பொருள் உருமாறுகின்றது, உழைத்த கையின் பயன் அழிவதில்லை. கோவையில் இருபத்திரண்டு ஆண்டு நூற்பாலையில் நின்ற நமக்கு இது எளிதில் விளங்கும். கழிவுப் பஞ்சையும் திரும்ப நூலாக்கிய கைகள் அல்லவோ நம்முடையவை!

பகவன் இருக்கைகளைப் பற்றியும் பேசியுள்ளார். உபநந்தன் உயரமான கட்டிலில் கிடந்ததைக் கண்டபின், பிக்குவின் கட்டிலும் பீடமும் எட்டு சுகத அங்குலத்துக்கு மேற்பட்ட கால் உடையனவாக இருத்தலாகாது, மிஞ்சினால் அறுத்துவிட வேண்டும் என விதித்தார். (இல்லறத்தார்க்கு இவ்வளவு இல்லை. நம் அம்மாளின் பெஞ்சை எவரும் அறுக்க வேண்டா.)

மரவேலையைப் பற்றிச் சிறிது சொல்லுவோம், இளைஞர்கள் கேட்டார்கள். ஒட்டுப்பலகையின் விளிம்பிலே ஆணி அடித்தால் அடுக்குப் பிரியும். நாம் அவ்வாறு ஒரு புத்தக அலமாரி செய்து, ஒரே மழைக்காலத்துக்குள் அது சாய்ந்து விழக் கண்டவர். பெட்டியின் உள்மூலைச் சட்டங்களை எறியாது வைத்து, அவற்றிலே ஆணி இறக்குக. பச்சை யூக்கலி காயும்போது வெடிக்கும், கோணும். ஆறப்போட்டே அறுக்க வேண்டும். இப்போது தேயிலை காகிதச் சாக்கில் செல்வதால் அத்தகைய பெட்டி கிடைப்பது அரிது. பழங்கதவு, உடைந்த கட்டிலின் சட்டம் ஆகியவற்றைக் கொள்ளலாம்.

அப்போது ஓர் இளைஞர் எழுந்தார். "ஐயா, 1927இல் மகாத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியையும் பிறர் எறியும் மிச்சத்தையும் விடச் சொன்னார். தாங்களோ பழையதை எடுக்கச் சொல்கின்றீர்கள். துரை வீட்டு உடைந்த நாற்காலியை நாங்கள் வாங்கி வர வேண்டுமா?" என்றார்.

நல்ல கேள்வி. நாம் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

நாற்காலி பழையதாயிருப்பதில் இழிவில்லை. "உனக்கு இதுவே போதும்" என்று தரும் கையிலும், "நமக்கு இதுவே விதி" என்று ஏந்தும் கையிலுமே இழிவு உளது. பாம்சுகூலம் என்பது உடையவன் இல்லாத துணி. பிக்கு அதற்காக எவரையும் வணங்கி நிற்பதில்லை. தானே எடுத்து, துவைத்து, தைத்துக் கொள்வான். அதனையும் எல்லார்க்கும் கட்டாயமாக்குக என்று தேவதத்தன் கேட்டபோது பகவன் மறுத்தார். ஜீவகன் அளித்த நல்லாடையை ஏற்று, இல்லறத்தார் தரும் ஆடையையும் அனுமதித்தார். ஆகவே, கந்தலே உங்களுக்குச் சிறப்பு என்று எந்த முதலாளியேனும் எளிமை போதித்தால், அவர் தேவதத்தன் கட்சி என்று அறிக. கூலியும் வீடும் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பழையதில் தீட்டு இல்லை; புதியதிலும் தீட்டை வைப்பவர் உளர். பாலக்காட்டு முதலமடையை அடுத்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி மக்கள் தேநீர்க் கடையில் தனிக் குவளை என்று முறையிட்டது 2017இல் செய்தியாயிற்று. குவளை எவ்வளவு புதியதாயினும் என்ன?

அம்மாளுக்கு வரும் ஆண்டு ஓய்வு. பிள்ளைகளுள் எவரும் தோட்ட வேலையில் இல்லாமையால் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். நாற்பதாண்டு குடியிருந்த சுவர் அவருடையதன்று, பெஞ்சு அவருடையது. இதைச் சொன்னபோது அவர் முதன்முறையாகப் பெஞ்சை ஏறிட்டுப் பார்த்தார். "கால் கழலுமா ஐயா, ஜீப்பில் ஏற்ற?" என்று கேட்டார். கழலும் என்றோம். ஆனால் ஒரு கால் ஆடியது.

கேள்வி கேட்ட இளைஞரே மறுநாட் காலையில் ஓர் ஆப்புச் செதுக்கிக் கொணர்ந்து அடித்தார். இன்னும் ஆடுகின்றதா என்று பார்ப்பதற்காக அம்மாள் பெஞ்சின் மேல் அமர்ந்தார். நாம் புறப்படும்வரை எழவில்லை.