மூன்றாம் நபரின் நட்சத்திரம்

நாற்பத்தொரு வயதில் ஒருத்தி ஸ்ரீரங்கத்தில் கியர் வண்டி வாங்கினால் முதலில் வரும் கேள்வி, "ஏன்டீம்மா, ஸ்கூட்டி வாங்கப்படாதோ?" இரண்டாவது, "பூஜை போட்டாச்சோ?" முதல் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறேன். கொள்ளிடம் பாலம் தாண்டி லால்குடிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வேண்டும். பெரிய சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறிவிடும், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. இரண்டாவது கேள்விதான் இன்னும் என்னைக் குடைகிறது.

பூஜை போட்டேன். மெக்கானிக் தம்பி சொன்ன பிள்ளையார் கோயில் வாசலில்தான். தென்கலை வைணவ வீட்டுப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஹேண்டில்பாரில் மாலை, ஹெட்லைட்டில் சந்தனம், இரண்டு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சென்னைப் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வண்டி எடுப்பவருக்கும், 2019 விஜயதசமியன்று பிரான்சில் ரஃபேல் விமானத்தின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்த பாதுகாப்பு அமைச்சருக்கும் அடிமனத்தில் ஒரே கவலைதான் இருந்திருக்கும்: இவ்வளவு வேகமுள்ள ஒன்று நம் சொல் கேட்குமா? நியாயமான கவலை.

எனக்கு உறுத்தியது சங்கல்பம். குருக்கள் என் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். எனக்கும் என் குடும்பத்துக்கும் க்ஷேமம் வேண்டிக்கொண்டார். நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை ஓட்டிக்கொண்டு தெருவில் இறங்கப் போகிறவள் நான். என் வழியில் குறுக்கே வரப்போகிறவருடைய நட்சத்திரத்தை யார் சொல்வது?

சட்டத்துக்கு இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஷோரூமில் தந்த காகிதங்களை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். வண்டிக்கு வரும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் விடுவதும் நம் இஷ்டம். மூன்றாம் நபருக்கு எடுத்தே ஆகவேண்டும். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டி என்றால் 5 வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். பெயர் ஊர் தெரியாத அந்த மூன்றாம் நபரைச் சங்கல்பம் விட்டுவிட்டது, இன்சூரன்ஸ் பாலிசி விடவில்லை.

பக்கத்து வீட்டு மாமா இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். மாமா ஹெல்மெட் போடமாட்டார். ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவருமே போட வேண்டும் என்று 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தபோதும் மாமாவின் ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல்தான் சவாரி செய்தது. "நாம பூனைக்குட்டி கட்சிடீ. குட்டி எதையும் பிடிச்சுக்க வேண்டாம், தாய் கவ்விண்டு போகும். எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்" என்பார்.

எங்கள் ஊரின் பழைய வழக்கு இது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஜீவனும் பகவானைப் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விப்போவதுபோல அவனே கொண்டுபோவான் என்பது தென்கலை. மாமா மறப்பது ஒன்று உண்டு. இரு கட்சியும் வாதாடியது மோட்சத்தைப் பற்றி. நம்பர் ஒன் டோல்கேட் சந்திப்பில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைவதைப் பற்றி எந்த ஆசாரியரும் எழுதவில்லை. ஹெல்மெட் மரண வாய்ப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தலையில் வைத்துக்கொள்வதால் சரணாகதிக்கு என்ன குறைந்துவிடும்?

மாமாவுக்கு நான் சொன்ன பதில் பிள்ளை லோகாசாரியர். பூனைக்குட்டிக் கட்சிக்கு அவரைவிடப் பெரிய ஆள் யார்? 1323-இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தின்மேல் வந்தபோது, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று அவர் திண்ணையில் உட்காரவில்லை. தள்ளாத வயதில் கோயில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே காட்டுவழியாகப் போனார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார் என்கிறது குருபரம்பரை. அதே கலவரத்தில் மறு கட்சியின் வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை என்ற உரைநூலின் சுவடியையும் அதை எழுதியவரின் பிள்ளைகளையும் காப்பாற்றினார் என்பார்கள். கொள்கை எப்படியிருந்தாலும் ஆபத்து வந்தபோது இருவரும் எழுந்து ஓடினார்கள். இருவர் கையிலும் இருந்தது தம் உயிரைவிடப் பெரிய வேறொன்று. தன்னைக் காக்க ஒருவன் இருக்கிறான் என்று முழுசாக நம்புகிறவனுக்குத்தான் அடுத்தவரைக் கவனிக்கக் கை ஒழிகிறது என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். சம்பிரதாயப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு.

அப்படிப் பார்த்தால் மெக்கானிக் தம்பி சொன்னதெல்லாம் எனக்கு அனுஷ்டானமாகவே படுகிறது. "அக்கா, முதல் சர்வீஸ் வரைக்கும் விரட்டாதீங்க. புது டயர் வழுக்கும், வளைவுல ரொம்பச் சாய்க்காதீங்க. பிரேக் அடிச்சா வெயிட்டு முன்னால வரும், முன்பிரேக்குதான் நிறுத்தும், அதுக்காக வெடுக்குனு பிடிக்காதீங்க." வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 30-இல் போனால் தப்பிக்கிற ஆள் 60-இல் போனால் தப்பமாட்டார் என்பது வெறும் கணக்கு. விடுமுறை நாளில் காலி மைதானத்தில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகினேன். வேடிக்கை பார்த்த பையன்கள் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எவ்வளவு பழகியும் ஒருவரை இடித்துவிட்டால்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: அப்போது ஊழ் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. விழுந்தவர் தன் விதி என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இடித்தவள் அதையே சொன்னால் அது வேதாந்தம் இல்லை, அயோக்கியத்தனம். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார்; வண்டி ஓட்டுகிறவளுக்குப் பாடம் இரண்டாவதில்தான்.

கிளம்பும்போது இப்போதெல்லாம் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்: என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்று. மாமாவுக்கு இது அபசகுனமாகப் படுகிறது. வடகலை வீட்டில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு மட்டும் பிடித்திருக்கிறது. அவளுக்கென்று வாங்கிய ஹெல்மெட்தான் பிடிக்கவில்லை, கொண்டை இடிக்கிறதாம். ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் பின்கம்பியையும் மறு கையால் என் தோளையும் இறுக்கிக்கொண்டு வருகிறாள். குரங்குப்பிடி விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஹெல்மெட்டுக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.