மழலைக்கு வரிப்பணமா?

ஆண்டுதோறும் சூன் திங்களில், முதல் வகுப்பின் வாயிலில் நிற்கும் ஆசிரியர் எவரும் காணும் காட்சி ஒன்று உண்டு. இரு பிள்ளைகள் வருவர். இருவருக்கும் வயது ஐந்துதான். ஒரு பிள்ளை வந்ததும் தன் பெயரைச் சொல்லும், படத்தைக் காட்டினால் கதை கட்டும், ‘ஏன்?’ என்று கேட்கக் கூசாது. மற்றொரு பிள்ளையோ கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நிற்கும். நம் கேள்விக்கு விடை அதன் கண்ணில் தெரியும், நாவில் வாராது. முன்னது அறிவுடையது, பின்னது மந்தம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடும் அவசரக்காரர்களும் நம் தொழிலில் உளர். தொழிலுக்கு வந்த புதிதில் நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு, மறைப்பானேன்? பிறகு வீடுகளுக்குச் சென்று பார்த்தோம். ஒரு வீட்டில் புத்தகம் இருந்தது, பிள்ளையோடு பேச நேரமுள்ள பெரியவர்கள் இருந்தனர், கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளியில் கழித்த ஈராண்டுப் பழக்கம் இருந்தது. மற்றொரு வீட்டில் தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பினர். அங்கே அக்காளின் இடுப்பே தொட்டில், தெருவே பள்ளி.

அந்த மூன்று வயதும் நான்கு வயதும் யார் பொறுப்பு? வீட்டின் பொறுப்பா, நாட்டின் பொறுப்பா? நாட்டின் பொறுப்பு எனில், இரக்கத்தால் இடும் ஐயமா அது, கட்டியே தீரவேண்டிய கடனா?

இந்த வினாவை மேடைப் பேச்சோடு விட்டுவிடாமல், பணத்தைக் கொட்டியும் வழக்காடியும் ஆய்ந்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே பெற்ற வெற்றியும் உண்டு. வெட்கித் தலைகுனியத்தக்கதும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் மாவட்டம் போன்றதன்று. ஓர் ஊரோ, சில ஊர்கள் சேர்ந்தோ, தமக்கென வாரியம் அமைத்துப் பள்ளிகளை நடத்தும் தனி எல்லை அது. 13,000-க்கு மேற்பட்ட எல்லைகள் இவ்வாறு உள்ளன. பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்த ஊரின் வீடு, மனை மீதான வரியிலிருந்து வருகிறது. மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய வரியும் பெருந்தொகை தரும். ஆலை மூடி, வீடுகள் பாழடைந்த ஊரில் எவ்வளவு வரி போட்டாலும் பெட்டி நிறையாது. டெக்சாசு மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர் இந்த அநீதியை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 1973-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது: ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம், கல்வி என்பது நாட்டின் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அன்று! பள்ளி வயதுப் பிள்ளைக்கே இந்நிலை எனில், மூன்று வயதுக் குழந்தைக்காக வாய் திறப்பவர் யார்?

வாய் திறந்தவர் இருந்தனர்; அதற்கும் முன்பே இருந்தனர். மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரின் பள்ளி மாவட்டத்தில், பெர்ரி என்ற தொடக்கப்பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் பின்தங்குவதற்கு அவர்கள் பிறவியே காரணம் என்று படித்தவர்களே பேசிய காலம். அதை ஒப்ப மறுத்தார் டேவிட் வைக்கார்ட் என்ற உளவியலாளர். 1962 முதல் 1967 வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. வறிய கறுப்பினக் குடும்பத்துக் குழந்தைகள் 123 பேர். குலுக்கலைப் போன்றதொரு முறையில் அவர்களைப் பிரித்து, 58 பேரைப் பள்ளியில் சேர்த்தனர். 65 பேரைச் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களுக்குக் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒரு முறை ஆசிரியர் வீடு தேடிச் சென்று, தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்தார். பிறகு இரு சாராரையும் அவர்களின் நாற்பதாம் வயது வரை பின்தொடர்ந்தனர். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் சேர்ந்தோரில் நூற்றுக்கு 77, சேராதோரில் 60. ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள் சேர்ந்தோரில் நூற்றுக்கு 36, சேராதோரில் 55.

உலகம் அந்த 58 பேரைப் பற்றிப் பேசுகிறது. நமக்கோ அந்த 65 பேர் நினைவாகவே இருக்கிறது. அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. எல்லாருக்கும் இடம் தரப் பணமும் இல்லை. பயன் உண்டா இல்லையா என்று அறிய ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். ஆகவே அவர்கள் வெளியே நின்றனர். ஆய்வாளரை நாம் குறை கூறவில்லை. அவர் அறியத்தான் முயன்றார். ஆனால் மழலைக் கல்வி பயன் தரும் என்று இன்று நாம் தெளிவோடு பேசுகிறோமே, அந்தத் தெளிவுக்கு விலை கொடுத்தவர்கள் வெளியே நின்ற 65 குழந்தைகள். விலையைப் பெற்றுக்கொண்ட சமுதாயம் பதிலுக்கு என்ன செய்தது?

கணக்குப் போட்டது! நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜேம்சு ஹெக்மன் உள்ளிட்டோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, பெர்ரி பள்ளியில் போட்ட பணம் ஆண்டுக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை ஆதாயம் தந்ததாகக் காட்டிற்று. சிறைச் செலவு மிச்சம், உதவித்தொகை மிச்சம், வரி வரவு கூடுதல். கணக்கு தவறென்று நாம் சொல்லவில்லை. கருவூலத்தின் சாவியை வைத்திருப்போரிடம் பேச அது நல்ல கருவியுங்கூட. எனினும் நெஞ்சு உறுத்துகிறது. நாளை இவன் திருடமாட்டான், ஆகவே இன்று இவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்போம் என்பது என்ன நியாயம்? செல்வர் வீட்டுக் குழந்தையை மழலையர் பள்ளிக்கு அனுப்பும்போது எவரும் வட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. குழந்தை மகிழவேண்டும், வளரவேண்டும் என்கிறார்கள். ஏழைக் குழந்தை மட்டும் தன் மகிழ்ச்சிக்கு முன்கூட்டியே ஈடு காட்டவேண்டுமோ?

ஆதாயத்தின்மீது மட்டும் எழுப்பிய வீடு, ஆதாயம் ஆட்டங்கண்டால் ஆடிப்போகும். டென்னசி மாநிலத்தில் நடந்தது அதற்குச் சான்று. மாநிலப் பணத்தில் பள்ளி மாவட்டங்கள் நடத்திய மழலை வகுப்புகளில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்தனர். 2022-இல் வெளிவந்த முடிவு திடுக்கிட வைத்தது: ஆறாம் வகுப்பை எட்டியபோது, மழலை வகுப்பில் பயின்றவர்களே தேர்வுகளில் பின்தங்கி நின்றனர்! காரணம் யாது என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். ‘அப்படியானால் மூடிவிடலாம்’ என்று குதிப்போருக்கு ஒன்று கேட்போம். ஒரு மாநிலத்தின் ஐந்தாம் வகுப்பு சரியில்லை என்று ஆய்வு சொன்னால், ஐந்தாம் வகுப்பை மூடுவோமா, திருத்துவோமா? ஐந்தாம் வகுப்பு பிள்ளையின் உரிமை என்று ஏற்றுக்கொண்டோம், ஆகவே திருத்துவோம். மழலை வகுப்பை உரிமை என்று ஏற்கவில்லை. ஆகவே மூடச் சொல்கிறோம்.

‘குழந்தை தாயின் மடியில் இருக்கவேண்டும், அரசு தலையிட்டால் குடும்பம் சிதையும்’ என்பது இன்னொரு வாதம். 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நாடு முழுதுக்குமான குழந்தை வளர்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியபோது, குடியரசுத் தலைவர் நிக்சன் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லித்தான் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது நடந்ததென்ன? ஆண்கள் களத்துக்குப் போயினர். கப்பல் கட்டவும் விமானம் செய்யவும் பெண்கள் தேவைப்பட்டனர். உடனே 1943 முதல் அரசின் பணத்தில் குழந்தைக் காப்பகங்கள் ஊர்தோறும் எழுந்தன. அன்று குடும்பம் சிதையவில்லை! போர் முடிந்த பின் 1946-இல் பணம் நின்றது, பெரும்பாலானவை மூடப்பட்டன. நாட்டுக்குத் தாயின் கை வேண்டியபோது திறந்த கதவு, குழந்தைக்கு வேண்டியபோது சாத்தியே கிடந்தது.

இந்தப் பின்னணியில்தான் நியூ ஜெர்சி மாநிலத்துத் தீர்ப்பைப் போற்றுகிறோம். காம்டன், ஜெர்சி சிட்டி முதலிய வறிய நகரங்களின் பிள்ளைகளுக்காக 1981-இல் தொடுத்த வழக்கு அது. அம்மாநிலத்தின் அரசியல் சட்டம் ஐந்து முதல் பதினெட்டு வயது வரை முறையான இலவசக் கல்வி தருவதாக வாக்களிக்கிறது. மூன்று வயதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இருந்தும் 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம், முப்பதை ஒட்டிய ஏழ்மையான பள்ளி மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியாகவேண்டும் என்று ஆணையிட்டது. தீர்ப்பின் உட்பொருளை நாம் இவ்வாறு கொள்கிறோம்: ஐந்து வயதில் தருவதாகச் சொன்ன உரிமை மெய்யாகவேண்டுமெனில், கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளையிடம் மூன்று வயதிலேயே போய்ச் சேரவேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தர அரசு முயலவேண்டும் என்றது. கீழெல்லை எதுவும் இல்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று, மகிழ்ந்தோம், ஆனால் ஆறு முதல் பதினான்கு வரைதான்! ஆறுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அரசு ‘முயலும்’ என்ற பழைய சொல்லே எஞ்சியது. தமிழ்நாட்டில் 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவை தொடருமா என்பதே கேள்விக்குறியாகி, எதிர்ப்பு எழுந்த பின்னரே தொடர்ந்தன. உரிமையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்குமா?

கடன் என்று ஒப்புக்கொண்ட பிறகு நியூ ஜெர்சியில் என்ன நடந்தது என்பதுதான் ஆசிரியராகிய நம் உள்ளத்தை ஈர்க்கிறது. ஏதோ ஒரு கொட்டகை, யாரோ ஓர் ஆயா என்று தட்டிக்கழிக்க இயலவில்லை. 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் மீண்டும் குறுக்கிட்டு, வகுப்புக்குப் பதினைந்து குழந்தைகளுக்கு மேல் கூடாது, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று வரையறுத்தது. நெடுநாள் காப்பகங்களில் உழைத்த பெண்கள் மீண்டும் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற மாநிலமே கல்விச் செலவைத் தந்தது. இக்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ரட்கர்சு பல்கலைக்கழக ஆய்வாளர், ஐந்தாம் வகுப்பு வரை பயன் நிலைத்ததையும், ஒரே வகுப்பில் தங்கிவிடுவோர் குறைந்ததையும் கண்டனர்.

ஆனால் ஏழைகள் அந்த முப்பது எல்லைகளுக்குள் மட்டுமா வாழ்கின்றனர்? நியூ ஜெர்சியில் பள்ளி மாவட்டங்கள் ஏறத்தாழ 600. கோட்டுக்கு இப்பால் ஒரு வாடகை வீடு, அப்பால் ஒரு வாடகை வீடு. இரு தாய்மாரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடும். ஒருத்தியின் குழந்தைக்குப் பள்ளி, மற்றவளின் குழந்தைக்கு இல்லை. இதைத் திருத்த 2008-இல் சட்டம் வந்தது. மற்ற மாவட்டங்களின் ஏழைக் குழந்தைகளுக்கும் இடம் என்றது. ஏட்டில் இடம் கிடைத்தது, பணம் ஒதுக்கப்படவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தே விரிவாக்கத்துக்கான நிதி சிறிது சிறிதாக வரத் தொடங்கிற்று. அதுவும் எவ்வாறு? மாவட்டம் விண்ணப்பிக்கவேண்டும், திட்டம் வரைந்து காட்டவேண்டும், மாநிலம் அந்த ஆண்டு ஒதுக்கிய தொகைக்குள் ஏற்கப்படவேண்டும். பணத்தை வாங்குமுன் திட்டம் கேட்பது முறைதான். வாரியிறைக்கச் சொல்லவில்லை நாம். ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிந்த அலுவலர் இருக்கும் ஊரின் குழந்தைக்கு முதலில், இல்லாத ஊரின் குழந்தைக்குப் பிறகு என்பதைக் கடனைக் கட்டும் முறை என்று எப்படிச் சொல்வது? இப்சிலாண்டியில் 65 பேரை வெளியே நிறுத்தியதற்கு ஒரு காரணமாவது இருந்தது. அதுவரை எவருக்கும் தெரியாத ஒன்றை அறியவேண்டியிருந்தது. 2008-க்குப் பிறகு நியூ ஜெர்சியில் கோட்டுக்கு வெளியே காத்து நின்ற குழந்தைகளால் எவரும் புதிதாக ஒன்றையும் அறிந்துகொள்ளவில்லை.

இவ்வாண்டு விண்ணப்பம் ஏற்கப்படாத ஊர் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். அதற்குள் அந்த ஊரின் நான்கு வயதுக் குழந்தைக்கு வயது ஐந்தாகிவிடும்.