பத்துக்கு ஒரு கட்டு

திங்கள்

இந்த வாரம் பேரனுக்கு ‘பத்துகள், ஒன்றுகள்’. இரண்டாம் வகுப்பு. ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர், கூடவே ரப்பர் பேண்டும். சோழவந்தானில் ஈர்க்குச்சிக்கு என்ன குறைச்சல்? வைகைக்கரை நெடுகத் தோப்புதான்.

பத்துக் குச்சியை எண்ணி ஒரு கட்டுப் போடுகிறான். போட்ட கையோடு அவிழ்த்து மறுபடியும் எண்ணுகிறான். உள்ளே போன குச்சி ஒன்றிரண்டு குறைந்திருக்குமோ என்று சந்தேகம். வங்கியில் சீல் வைத்துக் கொடுத்த நோட்டுக் கட்டையே வாசலில் நின்று எண்ணிப் பார்க்கிறவர்கள் நாம்; அவனைச் சொல்ல என்ன இருக்கிறது.

செவ்வாய்

வகுப்பில் இவனை ‘மொட்டு’ வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022 ஜூனில் தொடங்கினார்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும், 2025க்குள் அது நடக்க வேண்டும் என்பது நோக்கம். நடந்ததா என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் பேசட்டும். எங்கள் காலத்தில் கணக்கு வராதவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அது பூவின் பெயர் இல்லை.

புதன்

“இருபத்து நாலு எழுதுப்பா” என்றேன். 204 என்று எழுதினான்.

தப்பு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காதில் விழுந்தது இருபது; அதற்குப் பிறகு நாலு. இருபதை எழுதத் தெரியும், நாலையும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். இந்த வயதில் பல பிள்ளைகள் இப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் அசட்டையாக இருந்து எழுதுவதில்லை, கேட்டதை அப்படியே எழுதுகிறார்கள்.

நம் முன்னோரும் கேட்டபடிதான் எழுதினார்கள். பழைய தமிழ் முறையில் இருபத்து நாலு என்பது ௨௰௪. இரண்டு, பிறகு பத்துக்கான குறி, பிறகு நாலு. நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் குறிகளை வைத்துக்கொண்டே நெல்லும் நிலமும் அளந்தார்கள். முந்திரி என்று 320இல் ஒரு பங்குவரை கணக்குப் போனது. சென்னையில் பண்டல ராமசாமி நாயக்கர் 1825இல் எழுதிய கணித தீபிகைதான் தமிழ் எண்களோடு பூஜ்யத்தையும் சேர்த்து, இடத்தை வைத்து மதிப்புச் சொல்லக் கற்றுக்கொடுத்தது. அச்சில் வந்து இரண்டு நூற்றாண்டு ஆன சங்கதியை ஏழு வயசுப் பையன் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

அவனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இரண்டு கட்டையும் நாலு குச்சியையும் எடுத்து வைத்தேன். கட்டு எத்தனை, உதிரி எத்தனை? இரண்டு, நாலு. பூஜ்யத்தை அவனே அழித்தான்.

வியாழன்

தெருமுக்கில் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்த அக்காவிடம் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் பக்கத்துக் கணக்கில் நூறு இலை ஒரு கவுளி. காம்பை ஒருபக்கமாக வைத்து அடுக்கிக்கொண்டே போகிறார். கொடிக்காலில் தண்ணீர் நிற்பது பற்றிய பேச்சு நிற்கவேயில்லை, விரலும் நிற்கவில்லை. நூறு சேர்ந்ததும் தள்ளி வைத்தார். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊருக்கே பெருமை. இந்த விரல்களுக்கு எந்தக் குறியீடும் கிடையாது. ஆனால் கவனித்தேன்: ஒதுக்கி வைத்த கவுளியை அவர் திரும்பத் தொடவில்லை. விலை பேச வந்தவரும் “எத்தனை இலை” என்று கேட்கவில்லை, “எத்தனை கவுளி” என்றுதான் கேட்டார். பேரன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

வெள்ளி

கழித்தல் வந்துவிட்டது. 42இல் 17 போக.

நான் படித்தபோது “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்றார்கள், வாங்கினேன். எதை வாங்கினேன், ஏன் அது பத்தாக வந்து நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. விடை சரியாக வந்தது, அத்தோடு சரி.

இவன் நாலு கட்டும் இரண்டு உதிரியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டிலிருந்து ஏழு எடுக்க வேண்டும். வெகுநேரம் குச்சியையே பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வாரத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். கடைசியில் ஒரு கட்டை எடுத்து, ரப்பர் பேண்டை உருவி, குச்சிகளை உதிரியோடு கொட்டினான். எண்ணிப் பார்க்காமலே “பன்னெண்டு” என்றான். ஏழை எடுத்தான். மிச்சமிருந்த மூன்று கட்டில் ஒன்றைத் தள்ளினான். இரண்டு கட்டு, ஐந்து உதிரி. 25 என்று எழுதினான்.

தரையில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்து, மிச்சக் குச்சியையும் கட்டி வைக்கச் சொல்லி நீட்டினேன். வாங்கவில்லை.

“அஞ்சுதான அம்மாச்சி இருக்கு. அஞ்சக் கட்டக் கூடாதுல்ல” என்றான்.