நோயாளியின் மொழி யார் பொறுப்பு?

தன் நோயைச் சொல்ல மொழி இல்லாமல் ஒருவர் மருத்துவர் முன்னால் நிற்கிறார். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியவர் யார்? சொல்ல வந்தவரா, கேட்க வேண்டியவரா?

பழனி வட்டத்துக் கீரனூரிலிருந்து ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வரை திண்டுக்கல் சமவெளியில் இது அன்றாடக் கேள்வியாகிவிட்டது. ஸ்பின்னிங் மில்களிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். ஊரார் எல்லாரையும் இந்திக்காரர்கள் என்றே சொல்கிறார்கள். ஒடியாவோ, சந்தாலியோ, வங்காளமோ தாய்மொழியாகக் கொண்டவர்களும் அவர்களில் உண்டு.

மொழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மில் தொழிலாளியின் நுரையீரலே சான்று. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் எதுவும் தெரியாது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் கூடுகிறதா என்பதுதான் அதைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம். அதை நோயாளி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவருக்குச் சாதாரண இருமல் மருந்தே கிடைக்கும். காசநோய்க்கும் அப்படித்தான். இருமல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்பது புரியாமல் போனால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். அந்தக் கிருமி மொழி பார்த்துப் பரவுவதில்லை.

பல நேரங்களில் கூட வரும் சூப்பர்வைசரோ, ஆள் கூட்டிவந்த ஏஜென்டோதான் மொழிபெயர்க்கிறார். லீவு கொடுப்பதும் சம்பளம் பிடிப்பதும் அவர் கையில். மாதவிலக்கு தள்ளிப்போனதை ஓர் இளம்பெண் அவர் வாயிலாகவா மருத்துவருக்குச் சொல்வாள்? வேலையிடத்தில் பட்ட காயத்தை அவர் உள்ளபடி எடுத்துச் சொல்வார் என்பதற்கு என்ன உறுதி? நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படாத இடத்தில் வைத்தியம் பாதிதான் நடக்கும்.

எதிர்த்தரப்பு வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. பிழைக்க வந்தவர்கள் தமிழ் கற்கட்டுமே என்பது ஒன்று. கற்க வேண்டும்தான், பலர் கற்கவும் செய்கிறார்கள். ஆனால் வந்த இரண்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டவரிடம் அதை நிபந்தனையாக வைப்பது நியாயமாகாது. தவிர, அவர்கள் கேட்பது தர்மமும் அல்ல. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் பதிவான தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும், நிர்வாகத்திடமிருந்து 3.25 சதவீதமும் மாதந்தோறும் போகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பேச்சை மறுப்பது முறையல்ல.

பிறமொழிக்கு இடம் கொடுத்தால் தமிழ் தாழ்ந்துவிடும் என்ற அச்சம் இன்னொன்று. 1938-லும் 1965-லும் இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டங்களில் தமிழகம் எதிர்த்தது, அதிகாரம் தன் மொழியை மக்கள்மேல் ஏற்றியதை. இங்கே அதிகாரம் மருத்துவமனையின் பக்கம் இருக்கிறது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று இலங்கை சட்டம் செய்தபோது தமிழருக்கு நேர்ந்ததை நாம் அநீதி என்றோம். அந்தத் தீர்ப்பு நம் ஊர் மருத்துவமனைக்கும் பொருந்த வேண்டும். கீரனூருக்குப் பக்கத்திலேயே பழனி அடிவாரத்தில், கேரள பக்தர்களுக்காகக் கடைக்காரர்கள் மலையாளம் பேசுகிறார்கள், மலையாளத்தில் போர்டு வைக்கிறார்கள். அதனால் பழனியில் தமிழ் குறைந்துவிடவில்லை.

ஆள் இல்லை, பணம் இல்லை என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. கூட்டம் நெருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இருக்கிற ஒரு செவிலியர் ஒடியா கற்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் முடிந்ததைச் செய்யாமலிருக்க இது சாக்காகாது. 104 போன்ற மருத்துவ உதவி எண்ணில் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தலாம். மாத்திரை உண்ணும் வேளையைப் படமாகத் தரலாம். கர்ப்பிணிகளுக்கான அபாய அறிகுறிகளை நான்கைந்து மொழிகளில் அச்சிடலாம். மில் நிர்வாகங்கள் செலவில் பங்கேற்கலாம். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் 2012 முதல், நோயாளி கேட்பதற்கு முன்பே வெல்ஷ் மொழியில் சேவை தர முன்வருவது அரசின் கொள்கை. உடம்பு முடியாதவர் உரிமை கோரிப் போராட வேண்டியதில்லை என்பது அதன் அறம்.

நம் நாட்டிலும் இதற்கு அடிப்படை உண்டு. நோயாளி விவரம் அறிந்து தருவதே உண்மையான சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சாசனம் கூறுகிறது.

சுமையை வலுவுள்ளவர் தூக்குவதே அறம். மருத்துவமனையில் வலுவுள்ளவர் நோயாளி அல்ல. எனவே மொழியின் பொறுப்பு அரசுக்கும், இந்தத் தொழிலாளர்களின் உழைப்பில் லாபம் காணும் ஆலைகளுக்கும் உரியது. எல்லாம் ஒரே நாளில் நடக்காது. ஆனால் மருத்துவரின் அறைக்குள் சூப்பர்வைசர் மொழிபெயர்ப்பாளராக நுழைவதை நாளைக்கே நிறுத்தலாம். அதிலிருந்து தொடங்குவோம்.